காதைக் குத்தும் ட்ரெபிளை எங்கே பிடிப்பது?

கேட்டவர் எழுதியதை முதலில் சுருக்கிவிடுகிறேன். பாலக்காடு மாவட்டம், சித்தூர்ப் பக்கத்துத் தம்பி. மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள்) வைத்த ஸ்ட்ராட் வகை, அதாவது ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் பாணி எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் வாசிக்கிறார், திருவிழாக் காலத்தில் கானமேளா என்னும் மேடைப் பாட்டுக் கச்சேரிக்கும் போகிறார். வீட்டில் சின்ன ஆம்பில் கேட்டால் சத்தம் நன்றாக இருக்கிறது. அதே கிட்டார், அதே ப்ராசசர் (கிட்டார் சத்தத்தை மாற்றிக் கொடுக்கும் எஃபெக்ட்ஸ் பெட்டி), மேடையில் மிக்ஸருக்குப் போனதும் காதைக் குத்துகிறது. பிரிட்ஜ் பிக்கப்புக்கு, அதாவது கம்பிகள் முடியும் பிரிட்ஜை ஒட்டியிருப்பதற்கு மாற்றினால் முன்வரிசைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். ட்ரெபிளை, அதாவது மேல் ஸ்தாயிச் சத்தத்தைக் குறைத்தால் கம்பளி போர்த்தின மாதிரி அடைத்துப் போகிறது, ஆனால் குத்தல் மட்டும் போவதில்லை. எந்த பிக்கப் வாங்கிப் போட்டால் சரியாகும் என்று கேட்கிறார்.

கேள்வியின் கடைசி வரி பிக்கப் பற்றியது. ஆனால் அவருக்கு வேண்டியது பிக்கப் இல்லை. குத்தல் போக வேண்டும், தெளிவு இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது முடியும். பெரும்பாலும் பிக்கப் வாங்காமலே முடியும். ஏனென்றால் ‘ட்ரெபிள் அதிகம்’ என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது நாலைந்து வெவ்வேறு இடத்தில் பிறக்கும் வெவ்வேறு சங்கதி. பிறந்த இடத்தில் குறைத்தால் தெளிவு கெடாது. வேறு இடத்தில் குறைத்தால் நீங்கள் சொன்ன அந்தக் கம்பளிதான் கிடைக்கும்.

நான் கொழிஞ்சாம்பாறையில் ஆம்ப், மிக்ஸர், கிட்டார் வயரிங் பழுது பார்க்கிறவன். சீசனில் கானமேளா குழுக்களுக்கு மிக்ஸரில் உட்காருவதும் உண்டு. உங்கள் கிட்டாரை நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை, நீங்கள் வாசிக்கிற இடத்தையும் கேட்கவில்லை. ஆகையால் கீழே சொல்வதில் மின்சுற்றும் ஸ்பீக்கரும் சார்ந்த விஷயங்களை உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் விஷயத்தில் காரணம் இதுதான் என்று சொல்கிற இடமெல்லாம், நீங்கள் எழுதியதை வைத்து நான் போடும் கணக்கு.

உங்கள் கேள்வியிலேயே பெரிய துப்பு ஒன்று இருக்கிறது. வீட்டு ஆம்பில் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். கிட்டாரோ பிக்கப்போ முதல் குற்றவாளியாக இருந்தால் அங்கேயும் குத்தியிருக்கும். வீட்டுக்கும் மேடைக்கும் இடையில் மாறியது என்ன? ஸ்பீக்கர். கிட்டார் ஆம்பில் இருப்பது பொதுவாக 8, 10 அல்லது 12 அங்குலத் தனி ஸ்பீக்கர், கூட ட்வீட்டர் என்ற கீச்சு ஸ்பீக்கர் கிடையாது. கிட்டாருக்கென்று செய்த 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று விழுந்துவிடும். அதற்கு மேலே பிக்கப் என்ன அனுப்பினாலும் பெரும்பகுதி வெளியே வராது. எலெக்ட்ரிக் கிட்டார் என்று நாம் காலங்காலமாகக் கேட்டுப் பழகின சத்தம் பெரும்பாலும் இந்த வடிகட்டலைத் தாண்டி வந்ததுதான். மேடையில் நிற்கும் பெட்டியிலோ ஹார்ன் இருக்கிறது. அது பாடகரின் குரலுக்காகவும் சிம்பலுக்காகவும் 15 கிலோஹெர்ட்ஸையும் தாண்டிப் பாடும். அதில் கிட்டாரை நேராகச் சொருகினால் இத்தனை நாள் ஆம்ப் ஸ்பீக்கர் மறைத்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வரும். கிளீன் டோனில் அது கீச்சென்று இருக்கும், டிஸ்டார்ஷன் என்னும் கரகரப்பு எஃபெக்ட் போட்டால் அப்பளம் பொரிகிற மாதிரி இரையும்.

இதைச் சரிசெய்யத்தான் ப்ராசசர்களில் கேபினெட் சிமுலேஷன் இருக்கிறது. புதியவற்றில் ஐஆர் என்ற பெயரில் இருக்கும். கிட்டார் ஸ்பீக்கர் செய்கிற அந்த வடிகட்டலை அது மின்சுற்றிலேயே செய்து கொடுக்கும். இப்போது என் கணக்கைச் சொல்கிறேன். வீட்டில் ப்ராசசரை ஆம்பின் முன்னால் சொருகி டோன் செட் செய்திருப்பீர்கள். கேபினெட் ஆன் ஆக இருந்தால் ஆம்பில் சத்தம் அடைத்துப் போயிருக்கும், ஏனென்றால் ஆம்பில் ஏற்கெனவே உண்மையான ஸ்பீக்கர் இருக்கிறது, வடிகட்டல் இரண்டு முறை நடக்கிறது. அதனால் அதை ஆஃப் செய்திருப்பீர்கள், அது சரியான வேலைதான். ஆனால் அதே பேட்சை (சேமித்து வைத்த டோன் செட்டிங்கை) அப்படியே மேடைக்குக் கொண்டுபோய் மிக்ஸரில் சொருகினால், இப்போது எந்த ஸ்பீக்கரும் இல்லை. ப்ராசசரின் பொது செட்டிங்கில் அவுட்புட் எதற்குப் போகிறது, ஆம்புக்கா லைனுக்கா என்று கேட்கும் ஒரு பக்கம் பலவற்றில் உண்டு. முதலில் அதைப் பாருங்கள். பழைய மாடல்களில் ஒவ்வொரு பேட்சிலும் தனித்தனியாகக் கேபினெட்டை ஆன் செய்ய வேண்டியிருக்கும். சோதிப்பது சுலபம்: நல்ல ஹெட்போனை ப்ராசசரில் மாட்டி உங்கள் மேடை பேட்சை வாசியுங்கள். ஹெட்போனிலும் கீச்சிட்டால், மேடையில் கேட்பது அதேதான்.

கேபினெட் ஏற்கெனவே ஆன் ஆகத்தான் இருக்கிறது, இருந்தும் குத்துகிறது என்றால், அதற்குள் இருக்கும் மைக் இடத்தை மாற்றுங்கள். உண்மை ஸ்பீக்கர் முன்னால் மைக் வைக்கும்போது நடப்பதைத்தான் அங்கேயும் நகலெடுத்திருக்கிறார்கள். ஸ்பீக்கரின் நடுவில் உள்ள குமிழுக்கு நேரே வைத்தால் ட்ரெபிள் கூடும், கூம்பின் ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி வைக்க இதமாகும். ஈக்யூவை (ஸ்தாயி வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நாப்புகளை) தொடாமலே இந்த ஒரு மாற்றத்தில் பாதிப் பிரச்சினை போவதை நான் பல குழுக்களில் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஹை கட் என்று ஒரு நாப் இருந்தால் டிஸ்டார்ஷன் பேட்சுக்கு 5 அல்லது 6 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள், கிளீனுக்கு 7, 8 வரை விடலாம். இந்த எண்கள் வேதவாக்கு இல்லை, தொடங்குகிற இடம்.

அப்புறம், ட்ரெபிளைக் குறைத்தால் அடைத்துப் போகிறது, குத்தல் மட்டும் போகவில்லை என்று எழுதினீர்களே, அதுதான் உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த வரி. அதற்குத் தெளிவான காரணம் உண்டு. மனிதக் காது எல்லா ஸ்தாயியையும் ஒரே அளவில் கேட்பதில்லை. சுமார் 3, 4 கிலோஹெர்ட்ஸில் அது மிகக் கூர்மை. கிட்டார் குத்துகிறது என்று சொல்லும்போது பெரும்பாலும் அந்த இடம்தான் குத்துகிறது. ஆனால் பல சின்ன மிக்ஸர்களில் ‘ஹை’ என்று எழுதிய நாப் 10 அல்லது 12 கிலோஹெர்ட்ஸை மையமாக வைத்து வேலை செய்கிறது. அதைத் திருகினால் மேலே உள்ள காற்றோட்டம் போகும், குத்துகிற 3 கிலோஹெர்ட்ஸ் கொஞ்சம்தான் அசையும். உங்களுக்கு வேண்டியது ‘மிட்’ என்று எழுதிய நாப். பல சின்ன மிக்ஸர்களில் அது 2.5 கிலோஹெர்ட்ஸில் நிலையாக இருக்கும். மிக்ஸரில் இருப்பவரிடம் ‘டாப்பைக் கொஞ்சம் குறை’ என்று மலையாளத்தில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் அவர் கை போவது ஹை நாப்புக்குத்தான். ‘மிட்டில் 3 டெசிபல் எடுத்துப் பாருங்கள் சேட்டா’ என்று கேளுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

உங்கள் ப்ராசசரிலேயே இடத்தையும் அகலத்தையும் நாமே தேர்ந்தெடுக்கும் பாராமெட்ரிக் ஈக்யூ இருந்தால் இன்னும் துல்லியமாகச் செய்யலாம். ஒரு பேண்டை எடுத்து, அகலத்தைக் குறுக்கி, 8 டெசிபல் மாதிரி ஏற்றுங்கள். முதல் கம்பியில் பன்னிரண்டாம் ஃப்ரெட் பக்கம் வாசித்துக்கொண்டே அந்த ஏற்றத்தை 2 கிலோஹெர்ட்ஸிலிருந்து 6 வரை மெதுவாக நகர்த்துங்கள். எங்கே தாங்க முடியாமல் போகிறதோ அங்கே நிறுத்தி, ஏற்றத்தை எடுத்துவிட்டு 3 அல்லது 4 டெசிபல் இறக்குங்கள். வால்யூமைக் குறைத்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், இல்லாவிட்டால் காதுக்குக் கேடு. இறக்கின இடத்தில் வெறுமையாகத் தோன்றினால் 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன ஏற்றம் கொடுங்கள். ட்ரெபிள் அதிகம் என்று புலம்புகிற பலருக்கு உண்மையில் மிட்தான் பற்றாக்குறை. வீட்டில் தனியாக வாசிக்கும்போது மிட்டைக் குழித்து வைத்தால் கேட்க அழகாக இருக்கும். கீபோர்டும் தபலாவும் பேஸும் சேர்ந்ததும் அந்தக் கிட்டாரில் மிஞ்சுவது மேலே உள்ள கீச்சு மட்டும்தான்.

வீட்டுக்கும் மேடைக்கும் இன்னொரு வித்தியாசம் ஒலியளவு. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட அளவீடுகளிலிருந்தே இது தெரியும்: சத்தம் குறைவாக இருக்கும்போது காதுக்கு பேஸும் உச்ச ட்ரெபிளும் குறைவாகக் கேட்கும், சத்தம் கூடக் கூட அவை நிமிர்ந்து வரும். இரவில் அக்கம்பக்கத்தாருக்குப் பயந்து மெதுவாக வைத்து டோன் செய்தால், நம்மை அறியாமல் பேஸையும் ட்ரெபிளையும் கூட்டி வைத்திருப்போம். மேடையில் அது இரண்டு மடங்காகத் தெரியும். ஒரு முறையாவது பகலில், ஆள் இல்லாத சர்ச்சில், நிகழ்ச்சி அளவுக்கு வால்யூம் வைத்து பேட்சுகளைச் சரிசெய்யுங்கள். எந்த பிக்கப்பும் இந்த ஒரு மணி நேரம் கொடுக்கிற பலனைக் கொடுக்காது.

நம் பக்கத்து மேடைகளுக்கென்றே ஒரு சங்கதி இருக்கிறது, இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. திருவிழாவில் கானமேளா தொடங்குவதற்கு முன் மேளமோ பஞ்சவாத்தியமோ நடந்துகொண்டிருக்கும். குழுவினர் பக்கத்திலேயே நின்று ரசித்துவிட்டு மேடை ஏறுவார்கள். செண்டையும் இலத்தாளமும் அவ்வளவு நெருக்கத்தில், அவ்வளவு நேரம் கேட்ட பிறகு காது தற்காலிகமாக மந்தமாகிவிடும், அதுவும் 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம்தான் அதிகம் மந்தமாகும். அந்தக் காதோடு சவுண்ட் செக் செய்கிற கிட்டாரிஸ்ட், ‘சத்தம் டல்லாக இருக்கிறது’ என்று ட்ரெபிளைக் கூட்டுவார். தூரத்தில் உட்கார்ந்திருக்கும் சனத்துக்கு அந்த மந்தம் இல்லை, அவர்களுக்குக் குத்தும். மேளத்துக்குப் பக்கத்தில் நிற்பதாக இருந்தால் காதில் பஞ்சு போதாது, மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். டோனை அந்த நேரத்தில் தொடாதீர்கள், மதியமே முடிவு செய்துவிடுங்கள். டோனுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தற்காலிக மந்தம் திரும்பத் திரும்ப வந்தால் நிரந்தரமாகலாம், அதற்கு மருந்து இல்லை.

ஆம்பையே மேடைக்குக் கொண்டுபோகிறவர்களும் இதைப் படிப்பீர்கள், அதனால் ஒன்று. ட்ரெபிள் ஸ்பீக்கரின் நேர் முன்னால்தான் பாயும், பக்கவாட்டில் அதிகம் பரவாது. ஆம்ப் தரையில், நீங்கள் அதற்கு இரண்டடி முன்னால். ட்ரெபிள் உங்கள் முழங்காலுக்குப் போகிறது, காதுக்கு வரவில்லை. நாப்பைக் கூட்டுகிறீர்கள், பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவர் நெற்றியில் அது விழுகிறது. ஆம்பை நாற்காலி மேல் ஏற்றுங்கள் அல்லது உங்கள் காதைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். உங்களுக்கே குத்தினால் நீங்களே குறைத்துவிடுவீர்கள். ஆம்பில் ‘பிரைட்’ சுவிட்ச் இருந்தால் அதை ஆஃப் செய்யுங்கள். வால்யூம் குறைவாக இருக்கும்போதுதான் அதன் விளைவு அதிகம்.

டிஸ்டார்ஷன் பேட்சில் எங்கே குறைக்கிறோம் என்பதும் முக்கியம். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் ட்ரெபிளைக் குறைத்தால் அது கடித்து உடைக்கிற பொருளே குறைகிறது, கொர கொரப்பு மென்மையாகும், ஆனால் மேலே பளபளப்பு மிஞ்சும். பின்னால் குறைத்தால் டிஸ்டார்ஷன் புதிதாக உண்டாக்கின இரைச்சல் போகும், கடி அப்படியே இருக்கும். இரண்டு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் எடுப்பது ஒரே இடத்தில் நிறைய எடுப்பதைவிட நன்றாகக் கேட்கும். கெயினை (டிஸ்டார்ஷனின் அளவை) குறைத்தாலே பாதி இரைச்சல் அடங்கும் என்பதையும் மறக்காதீர்கள். நிறையப் பேர் வேண்டியதைவிட இரண்டு மடங்கு கெயின் வைக்கிறார்கள்.

சரி, இப்போது கிட்டாருக்கு வருவோம். வெளியே எல்லாம் சரிசெய்தும் பிரிட்ஜ் பிக்கப் மட்டும் குத்துகிறது என்றால், அதற்கு ஸ்ட்ராட் வயரிங்கிலேயே காரணம் இருக்கிறது. 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் மூல வயரிங்கில் இரண்டு டோன் நாப் உண்டு: ஒன்று நெக் பிக்கப்புக்கு, மற்றது நடு பிக்கப்புக்கு. பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோனே கிடையாது. இன்றும் பல நகல் கிட்டார்கள் அப்படியே வருகின்றன, சில புதிய மாடல்களில் மட்டும் இரண்டாவது நாப்பை பிரிட்ஜுக்கும் சேர்த்துத் தருகிறார்கள். பிரிட்ஜ் நிலையில் வைத்து இரண்டு டோன் நாப்பையும் பூஜ்யம் வரை திருகுங்கள். சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லையா? அப்படியானால் உங்களுடையதும் மூல வயரிங்தான்.

சரிசெய்ய ஒரு துண்டு வயர் போதும். பிக்கார்டை (கிட்டாரின் முன் தகட்டை) திறந்து ஐந்து நிலைச் சுவிட்சைப் பாருங்கள். திறந்த வகைச் சுவிட்சில் இரண்டு பக்கமும் நான்கு நான்கு கால்கள் இருக்கும். ஒரு பக்கத்துக்கு மூன்று பிக்கப்பிலிருந்தும் வயர் வரும், மறுபக்கத்திலிருந்து டோன் நாப்புகளுக்கு இரண்டு வயர் போகும். அந்த டோன் பக்கத்தில் பிரிட்ஜுக்கான கால் காலியாக இருக்கும். நடு பிக்கப்பின் டோன் வயர் நிற்கிற காலுக்கும் அந்தக் காலிக் காலுக்கும் இடையே பாலம் போடுங்கள். இனி இரண்டாவது டோன் நாப் நடுவுக்கும் பிரிட்ஜுக்கும் சேர்ந்து வேலை செய்யும். மலிவான கிட்டார்களில் எட்டுக் காலும் ஒரே வரிசையில் நிற்கும் மூடிய சுவிட்ச் இருக்கலாம். அதில் கால்களின் வரிசை வேறு, மீட்டர் வைத்து எது எதோடு சேர்கிறது என்று பார்த்துவிட்டே சால்டர் வையுங்கள். இந்தப் பாலத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. டோன் நாப்பை 10-இல் வைத்தாலே பிக்கப்பின் மேல் ஒரு சுமை கூடுகிறது. முன்பு பிரிட்ஜ் பிக்கப் பார்த்தது 250 கிலோஓம் வால்யூமை மட்டும், இப்போது டோனும் சேர்ந்து 125 கிலோஓம். கூர்முனை தானாகவே கொஞ்சம் மழுங்கும். பிறகு 7, 8-இல் வைத்து வாசித்தால் பலருக்கு அதுவே போதும்.

250 என்றேன், உங்கள் கிட்டாரில் அது இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கிள் காயிலுக்கு வழக்கமாக 250, இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கருக்கு 500. அளவு கூடக் கூட ட்ரெபிள் கூடும். 1960-களின் இறுதியில் ஃபெண்டரின் டெலிகாஸ்டர் கிட்டார்களில் 1 மெகாஓம் வைத்தார்கள், அவை காதைக் கிழிப்பதற்குப் பேர் போனவை. பாட்டின் (நாப்புக்கு அடியில் உள்ள மாறும் ரெசிஸ்டரின்) முதுகில் பி500கே, ஏ250கே என்று பொறித்திருக்கும். முன்னால் உள்ள எழுத்து நாப் திருகும்போது அளவு மாறுகிற விதத்தைச் சொல்வது, எண்தான் நமக்கு வேண்டியது. எழுத்து அழிந்திருந்தால் பாட்டின் ஓரக் காலில் உள்ள வயரைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். கழற்றாமல் அளந்தால் மீட்டர் காட்டுவது பிக்கப்பின் ஆறேழு கிலோஓமைத்தான். சிங்கிள் காயில் கிட்டாரில் 500 இருந்தால் வால்யூம் பாட்டை 250 ஆக மாற்றுங்கள். செலவு பிக்கப் விலையில் ஒரு சின்னத் துணுக்கு, பலன் பெரும்பாலும் அதைவிடப் பெரிது. வால்யூம் பாட்டின் கால்களுக்குக் குறுக்கே குட்டிக் கண்டென்சர் ஒன்று நின்றால் அது வால்யூம் குறைக்கும்போது ட்ரெபிளைக் காப்பாற்ற வைத்தது. வால்யூமை 6, 7-இல் வைத்து வாசிக்கும் பழக்கமிருந்து அப்போதும் குத்தினால் அதைக் கழற்றிப் பாருங்கள்.

கேபிளும் டோனின் பகுதிதான். பிக்கப் ஒரு சுருள், கேபிள் ஒரு நீளமான கெப்பாசிட்டர் (கண்டென்சர்), இரண்டும் சேர்ந்து ஓர் இடத்தில் உச்சம் எழுப்பும். சாதாரணக் கேபிளில் மீட்டருக்கு 100 பைக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராட் பிக்கப்பின் இண்டக்டன்ஸ் (சுருளின் மின்தூண்டல்) 2.4 ஹென்றி, அதன் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் 100 பைக்கோஃபாரட் என்று எடுத்தால், 3 மீட்டர் கேபிளில் உச்சம் சுமார் 5.1 கிலோஹெர்ட்ஸில் நிற்கும். 6 மீட்டர் கேபிளில் 3.9-க்கு இறங்கும். முன்பு நீளமான கேபிளில் வாசித்துவிட்டு இப்போது குட்டைக் கேபிளுக்கோ வயர்லெஸ்ஸுக்கோ மாறியிருந்தால், கிட்டார் திடீரென்று பிரைட் ஆனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கிட்டாருக்கு அடுத்தே பஃபர் (சிக்னலைத் தாங்கிக் கொடுக்கும் சுற்று) உள்ள பெடல் வைத்தாலும் அதற்குப் பின்னால் உள்ள கேபிளின் நீளம் பிக்கப்புக்குத் தெரியாமல் போகிறது. இதை ஈடுகட்ட கிட்டார் ஜாக்கின் இரண்டு காலுக்கும் குறுக்கே 470 பைக்கோஃபாரட் கண்டென்சர் ஒன்று வைக்கலாம், சில ரூபாய் விலை, கோவையிலோ பாலக்காட்டிலோ எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். ஆனால் கவனம்: இது ட்ரெபிளைக் குறைப்பதில்லை, உச்சத்தைக் கீழே நகர்த்துகிறது. நகர்ந்து போய் காது மிகக் கூர்மையாக இருக்கும் 3, 4 கிலோஹெர்ட்ஸில் அது உட்கார்ந்தால் சிலருக்கு முன்பைவிட மோசமாகக் கேட்கும். அதனால் முதலில் முதலைக் கிளிப்பில் பிடித்து வாசித்துப் பாருங்கள். 470 பிடிக்காவிட்டால் 1000 வைத்துப் பாருங்கள். பிடித்த பிறகு சால்டர் வைக்கலாம்.

சால்டரே வேண்டாம் என்றால் ஸ்க்ரூ ட்ரைவர் போதும். பிக்கப் கம்பிக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்று பாருங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து அளந்தால், பழைய பாணி சிங்கிள் காயிலுக்கு ஃபெண்டர் சொல்கிற தொடக்க அளவு தடித்த கம்பிப் பக்கம் சுமார் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிப் பக்கம் 2. பிரிட்ஜ் பிக்கப்பின் மெல்லிய கம்பிப் பக்கத்தை அரைச்சுற்று அரைச்சுற்றாக இறக்கி ஒவ்வொரு முறையும் வாசித்துப் பாருங்கள். மற்ற பிக்கப்புகளைவிட சத்தம் மிகவும் குறைந்தால் நிறுத்துங்கள். கம்பியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மிகப் பிரகாசம், நிக்கல் பூசிய ஸ்டீல் அதற்கு அடுத்தது, தூய நிக்கல் இன்னும் இதம். நிகழ்ச்சி அன்றைக்கே புதுக் கம்பி போடாமல் இரண்டு மூன்று நாள் முன்பே போட்டு வாசித்து வைத்தால் அந்த முதல் பளபளப்பு அடங்கிவிடும், சுருதியும் நிற்கும். கம்பியை மீட்டும் பிக் மெல்லியதாக இருந்தால் கம்பியைத் தொடும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கூடவே வரும். 1 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான பிக்கில், அல்லது இருக்கிற பிக்கையே திருப்பிப் பிடித்து உருண்டை முனையில் வாசித்தால் அது மறையும். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் அடிக்கிற கையை இரண்டு விரல்கடை நெக் பக்கம் நகர்த்துவது இன்னும் பெரிய மாற்றம். நல்ல கிட்டாரிஸ்டுகள் ட்ரெபிள் நாப்பாகப் பயன்படுத்துவது அந்தக் கையைத்தான்.

இதுவரை சொன்னவை அளக்கக்கூடியவை. அளவில் வராத, வந்தாலும் சர்ச்சை தீராத சிலவும் உண்டு. எலெக்ட்ரிக் கிட்டாரின் உடல் எந்த மரம் என்பது ட்ரெபிளை எவ்வளவு மாற்றும் என்பதில் வாசிப்பவர்களும் செய்பவர்களும் இன்னும் ஒத்துப்போகவில்லை. மாற்றினாலும் பாட், கேபிள், ஸ்பீக்கர் செய்கிற மாற்றத்தின் பக்கத்தில் அது நிற்காது என்பது என் அனுபவம். டோன் கண்டென்சரில் எண்ணெய்த் தாள் வகை, ஆரஞ்சு நிற வகை என்று விலை கூடியவற்றை விற்கிறார்கள். 0.022 மைக்ரோஃபாரடா 0.047-ஆ என்ற அளவு முக்கியம், அது நாப்பைத் திருகும்போது எவ்வளவு இருளும் என்பதை முடிவு செய்கிறது. அளவு ஒன்றாக இருந்தால் வகை என்னவாக இருந்தாலும் என் காதுக்கு ஒன்றுதான். செராமிக் காந்தம் என்றாலே கீச்சு, ஆல்னிக்கோ என்றாலே இனிமை என்பதும் அப்படித்தான். காந்தத்தைவிட எத்தனை சுற்று சுற்றியிருக்கிறார்கள், நடுவில் இரும்பு இருக்கிறதா காந்தத் தண்டு இருக்கிறதா என்பதே அதிகம் பேசும்.

இவ்வளவும் செய்த பிறகும் பிரிட்ஜ் பிக்கப் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக மாற்றுங்கள், ஆனால் மூன்றையும் சேர்த்து வாங்க வேண்டாம், பிரிட்ஜ் ஒன்று போதும். கடையில் பிரிட்ஜுக்கென்றே கூடுதலாகச் சுற்றிய சிங்கிள் காயில் என்று கேளுங்கள். இண்டக்டன்ஸ் கூடுவதால் உச்சம் கீழே இறங்கும், மிட் தடிக்கும். பெட்டியில் எழுதியிருக்கும் கிலோஓமை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கம்பி மெல்லியதாக இருந்தாலும் அந்த எண் கூடும், இண்டக்டன்ஸ் எழுதியிருந்தால் அதைப் பாருங்கள். ஒற்றைக் காயில் அளவிலேயே வரும் ஹம்பக்கர் இன்னொரு வழி. உங்கள் சர்ச்சில் ட்யூப் லைட் இரைச்சலும் தொல்லை கொடுத்தால் அது இரண்டுக்கும் சேர்த்து மருந்து, ஆனால் ஸ்ட்ராட்டின் அந்த மணியொலி கொஞ்சம் போகும். சிங்கிள் காயில்தான் என்று முடிவானால், உங்கள் நடு பிக்கப் எதிர்ச்சுற்றும் எதிர்த் துருவமுமாக இருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்ஜும் நடுவும் சேர்ந்த இரண்டாம் நிலையில் இரைச்சல் குறைந்தால் அப்படித்தான் இருக்கிறது. புதியது அதோடு ஒத்துப்போகுமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்த நிலையில் இரைச்சல் திரும்பி வரும். காயிலின் சுற்று மட்டும் மாறிப்போனால் பேஸே இல்லாமல் சத்தம் மெலிந்துவிடும், அப்போது புதிய பிக்கப்பின் இரண்டு வயரையும் இடம் மாற்றிச் சால்டர் வைத்தால் சரியாகும்.